யாழ்ப்பாணத்தில் பூநாரையை விட்டால் பார்க்க என்ன இருக்கிறது?

2023 ஒக்டோபர் 8, சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

"எல்லோரும் குருவி பார்க்கிறோம், நடக்கிறோம் என்று எழுதுகிறீர்கள். குடாநாட்டில் காடு இல்லை, மலை இல்லை, ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தை மாதத்தில் பூநாரை வரும், அதை பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கலாம். மிச்சம் காகமும் கொக்கும்தானே? ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் சுண்டிக்குளம் போக வேண்டும், இல்லாவிட்டால் மன்னார். வீட்டுப் படலையிலிருந்து நடந்து போய் ஐம்பது வகை கண்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்."

2023 ஒக்டோபர் 9

ஆறு இல்லை என்றதுதான் எனக்குச் சுட்டது. எங்கள் வழுக்கையாறு என்ன, வாய்க்காலா? சரி, மாரியில் மட்டும்தான் ஓடும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, வயல்களுக்குள்ளால் இறங்கி, அராலியில் பரவைக்கடலில் விழும். கோடையில் அதற்குள் மாடு மேயும். ஆனாலும் ஆறு ஆறுதான்.

நான் வட்டுக்கோட்டை. வீட்டு ஒழுங்கை, பனங்கூடல், வயல் வரம்பு, ஆற்றுக்கட்டு, அராலித்துறை. போய்வர இரண்டரை மணித்தியாலம். நின்று நின்று பார்த்தால் நாலு. பொங்கலுக்கு முன்னர் இந்தப் பாதையில் ஐம்பது வகை காட்டுகிறேன். சைக்கிள்கூட இல்லை, நடைதான். நானே காண வேண்டும், அல்லது நானே கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கண்டது சேராது.

தோற்றால் உங்களுக்கு என் செலவில் ஒரு பலாப்பழம். வென்றால் நீங்கள் தர வேண்டும், அதுவும் பலாவுக்குப் பேர்போன உங்கள் தென்மராட்சிப் பழமாக.

2023 ஒக்டோபர் 15

முதல் நடை. 27.

வெள்ளன ஐந்தே முக்காலுக்குப் படலையைத் திறந்தேன். வேலியடியில் புலுனி ஏழெட்டு சருகு கிளறிக்கொண்டு, சீதனம் பேசுகிற வீடு மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு. கிணற்றடியில் செம்பகம். வேம்பில் மணிப்புறா. கிளுவை வேலியில் தையல்சிட்டு, அதன் உடம்புக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. பனங்கூடல் தாண்டும்போது பத்து வகை ஆகிவிட்டது. வயலில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் வெண்கொக்கும் உண்ணிக்கொக்கும். வரம்போரம் குருட்டுக்கொக்கு, அதைக் கண்டேன் என்று சொல்ல முடியாது, மிதிக்கப் போனேன். நிற்கும்போது மண் நிறம், எழும்பினால் முழுக்க வெள்ளை.

மின்கம்பியில் பனை உழவாரன் நூற்றுக்கு மேல், வரிசையாக. ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் வந்து குந்தும்.

பாதி தூரம் இங்கேயே முடிந்துவிட்டது. பலாப்பழத்துக்கு இடம் பார்த்து வையுங்கள்.

2023 ஒக்டோபர் 15, இரவு

ஊர்காவற்றுறையிலிருந்து ஓர் அண்ணை ஒரே வரி எழுதியிருக்கிறார்: "தம்பி, உழவாரனுக்குக் கம்பியில் குந்துகிற கால் இல்லை."

அவர் சொன்னது சரி. எனக்குத் தெரிந்த விஷயம், எழுதும்போது கை முந்திவிட்டது. உழவாரனின் விரல்கள் செங்குத்தான மேற்பரப்பைப் பற்றித் தொங்கத்தான் உதவும். கம்பியில் இருந்தவை தகைவிலான்கள். வடக்கே குளிர் தொடங்கும்போது இறங்கி வருகிற கூட்டம். கழுத்தடியில் செம்மண் நிறம், வாலில் இரண்டு நீட்டுக் கம்பி. பறக்கும்போது இரண்டும் பூச்சிக்கு ஒரே மாதிரி வெட்டி வெட்டித் திரும்பும், அதனால் குழப்பம்.

எண்ணிக்கை மாறவில்லை. பெயரை மட்டும் வெட்டி எழுதினேன்.

2023 ஒக்டோபர் 22

31. இந்தமுறை உழவாரனை உழவாரனாகவே பார்த்தேன். ஓலை வெட்டாமல் விட்ட பனை ஒன்று எங்கள் ஒழுங்கை முடக்கில் நிற்கிறது, உரிமைக்காரர் வெளிநாட்டில். காவோலை பாவாடை மாதிரி அடிமரத்தைச் சுற்றித் தொங்குகிறது. அந்தக் காவோலையின் உட்பக்கத்தில்தான் கூடு. கூடு என்றால் ஒரு கரண்டி அளவு. இறகையும் பஞ்சையும் தன் எச்சிலாலேயே ஓலையில் ஒட்டும், முட்டையையும் ஒட்டிவிடும். காற்றில் ஓலை ஆடினாலும் முட்டை விழாது. வேலிக்கும் மாட்டுக்குமென்று நாங்கள் ஓலையை வெட்டுகிறோம், வெட்டாமல் விட்டால் சோம்பேறி என்கிறோம். அந்தச் சோம்பேறிப் பனையில் மட்டும் ஆறு சோடி.

இன்னொன்று. நேற்று நவராத்திரிக்குக் கடலை அவித்துக்கொண்டிருந்த நேரம், குசினி யன்னல் கண்ணாடியில் ஏதோ மோதியது. போய்ப் பார்த்தால் நிலத்தில் ஓர் ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, செட்டையில் நீலம், வாலுக்குக் கீழே செக்கச்செவேல், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். இந்தியாவிலிருந்து இரவோடிரவாகக் கடல் தாண்டி வருவது. களைத்து வந்து வெளிச்சத்தைக் கண்டு வீடுகளுக்குள் விழும். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டாக ஒரு மூலையில் வைத்தோம். தண்ணீர் பருக்கவில்லை, பருக்கவும் கூடாது, மூச்சுக்குள் போய்விடும். விடியத் திறந்தேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தது, பிறகு மாதுளைக்குக் கீழே துள்ளித் துள்ளிப் போய்விட்டது.

சாவகச்சேரிக்காரரின் தீர்ப்பு: "குசினி நடைபாதையில் சேராது." சரி, சேர்க்கவில்லை. மனிதர் நியாயவான்தான், கொஞ்சம் கூடவே நியாயவான்.

2023 ஒக்டோபர் 30

இன்று எண்ணிக்கை இல்லை.

ஆக்காட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். புத்தகத்தில் ஆட்காட்டி என்று இருக்கும், ஆளைக் காட்டுவதால் அந்தப் பெயர். எங்கள் வாயில் ஆக்காட்டி. கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசைத்துண்டு, மஞ்சள் கால், தலையும் கழுத்தும் கறுப்பு. தரவையில், அதாவது வெறும் மேய்ச்சல் வெளியில், கூடு இல்லாமல் நிலத்திலேயே முட்டையிடும். நாலு முட்டை, கூழாங்கல் நிறம். கிட்டப் போனால் தலைக்கு மேலே வந்து வந்து கத்தும். அது மல்லாந்து படுத்துக்கொண்டு காலை வானத்துக்கு நீட்டும், வானம் இடிந்து விழுந்தால் தாங்கிப் பிடிக்க என்று அம்மம்மா சொல்லுவா.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தமும் இருந்தது. இரவில் தரவைப் பக்கம் ஆக்காட்டி கத்தினால் அங்கே யாரோ நடக்கிறார்கள். யார் என்று கேட்கக்கூடாது. விளக்கைக் குறைத்துவிட்டு இருப்போம். நாய் குரைத்தால் நாய்க்காகவும் இருக்கலாம். ஆக்காட்டி பொய் சொல்லாது.

1995 இல் இதே திகதி, போரில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. வலிகாமத்துக்காரருக்கு மேலே சொல்லத் தேவையில்லை. மழை, இருட்டு. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சனம் அசையாமல் நின்றது. எனக்கு இருபத்திரண்டு வயது, சைக்கிளில் அம்மம்மாவும் ஒரு சாக்கு அரிசியும். வெளியின் இரு பக்கமும் ஆக்காட்டி கத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஆளைக் கண்டாலே கத்துகிற குருவி. அன்றைக்கு இலட்சக்கணக்கில் ஆள்.

பைனாகுலர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், எது வாங்கலாம் என்று. நான் 2011 இல்தான் முதலாவது வாங்கினேன். அதற்கு முன்னர் அந்தப் பொருளோடு ரோட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். போரும் தடையுமாக, பற்றரியே ஊருக்குள் வராத காலம். எங்கள் தலைமுறை குருவியைக் காதால்தான் படித்தது. இப்போது கையில் இருப்பது 8க்கு 42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர். நடைக்கு அது போதும். பத்து மடங்கு என்றால் என் கை நடுக்கமும் பத்து மடங்கு.

2023 நவம்பர் 5

ஒன்று குறைகிறது.

"புள்ளிக்குயில்" என்று ஒன்றை 19ஆவதாக எழுதி வைத்திருந்தேன். மண்ணிற உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, வாலில் குறுக்குக் கோடு. மகள் பட்டியலைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, இது குயிலின் மனிசி." ஆண் கறுப்பு, பெண் புள்ளி. ஐம்பது வயதில் இதை நான் மறக்கவில்லை, தெரியவே இல்லை என்பதுதான் உண்மை. நான் கூவுகிறதை மட்டும் குயில் என்று எண்ணிப் பழகியிருக்கிறேன். காகக் கூட்டில் முட்டை வைத்துவிட்டு ஓடுவது பெண்தான், வேலை முழுக்க அவளுடையது, பேர் மட்டும் கறுப்பருக்கு.

35 இலிருந்து 34.

2023 நவம்பர் 12

தீபாவளி. வெடி. நாய் கட்டிலுக்குக் கீழே. 34 இலேயே நிற்கிறது.

2023 நவம்பர் 19

41! நேற்றைய மழைக்கு ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டோரம் அரிவாள்மூக்கன், நீர்க்காகம், மீன்கொத்தியில் இரண்டு வகை.

ஆனால் இன்றைய கதை அராலிக் கரையில். ஏழு மணி இருக்கும், வெயில் எதிரே. தண்ணீருக்குள் பதினொரு உருவம். வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு. நண்டுதின்னி! நண்டைப் பிடித்துக் காலைக் கழற்றிவிட்டு விழுங்குகிற கரைப்பறவை. அரபிக்கரையில் மணலில் வளை தோண்டி, அதற்குள் ஒரேயொரு வெள்ளை முட்டை வைக்கும். கரைப்பறவைகளில் வேறு எதற்கும் இந்தப் பழக்கம் இல்லை. மாரிக்கு எங்கள் தீவுப் பக்கமும் மன்னாருக்கும் வரும். இதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வருகிறார்கள், நான் செருப்போடு போய்ப் பார்த்தேன்.

சாவகச்சேரி அண்ணை, கேட்கிறதா?

2023 நவம்பர் 21

கேட்டிருக்கிறது. அவர் கேள்வி: "கால் என்ன நிறம்?"

கால் தெரியவில்லை. வயிறுமட்டும் தண்ணீரில் நின்றன என்று எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. வயிறுமட்டும் தண்ணீர் என்றால் எவ்வளவு ஆழம்? அந்த இடத்தில் இறால் பிடிப்பவர்கள் முழங்காலுக்கு மேலே நனைவதில்லை. அப்படியென்றால் அவற்றின் கால் எவ்வளவு நீளம்?

ஞாயிறு போய்ப் பார்க்கிறேன்.

2023 நவம்பர் 26

40.

பவளக்கால் உள்ளான். பதினொன்றும். பெயரே பவளக்கால், அந்தக் காலைத்தான் நான் காணவில்லை. இன்று இரு முழம் கரைப்பக்கம் ஏறி நின்றன, செம்பவள நிறத்தில் குச்சிக் குச்சியாக. அலகும் ஊசி. நண்டுதின்னிக்கு அலகு தடிப்பாக, குத்தூசி இல்லை, குறடு மாதிரி இருக்க வேண்டும். எதிர்வெயிலில் கானல் அலகைத் தடிப்பித்துக் காட்டியது. கானல் பாதி, ஆசை பாதி. ஏற்கெனவே 22ஆவதாக இதே பறவை பட்டியலில் இருக்கிறது, ஆகவே புதிதும் இல்லை.

ஊர்காவற்றுறை அண்ணை ஆறுதல் சொல்கிறார், தானும் ஒருமுறை மிதந்து வந்த றெஜிபோம் துண்டைக் கூழைக்கடா என்று அரைமணி நேரம் பார்த்தாராம்.

2023 டிசம்பர் 3

கொழும்பிலிருந்து ஒரு நண்பர் வந்து இரண்டு நாள் தங்கினார். நாடு முழுக்கத் திரிந்து பார்ப்பவர். பூநாரை காட்டலாம் என்று ஆயத்தமாக இருந்தேன். அவர் ஒழுங்கைக்குள் இறங்கியதும் மின்கம்பத்தைப் பார்த்துப் பரவசப்பட்டார். கம்பத்தில் கரிக்குருவி.

இரட்டைவால் கரிக்குருவி இலங்கையில் வடக்கிலும் வடமேற்குக் கரையிலும்தான். தெற்கே இருப்பது வயிறு வெளுத்த இனம். அவர் அரைமணி நேரம் படம் எடுத்தார். ஒரு காகம் அந்தப் பக்கம் வர, கரிக்குருவி அதன் முதுகில் ஏறிக் கொத்திக் கலைத்ததைப் பார்த்துக் கைதட்டினார். கோயிலில் புராணம் படிக்கும்போது, காகம் கொத்தி வருத்திய கரிக்குருவிக்குச் சிவன் உபதேசம் செய்து வலியான் ஆக்கிய கதை வருமே, அதைச் சொன்னேன். இவ்வளவு கவனித்த பிறகுதான் அந்தக் கதையை எழுதியிருக்கிறார்கள் என்றார்.

பிறகு கவுதாரி. எங்களுக்குப் பற்றைக்குள் கத்துகிற சாமான், அவருக்கு அதுவும் வடக்கு, வடமேற்கு வறண்ட நிலத்துச் சொத்து. பிறகு கழுத்தில் கறுப்பு வளையம் போட்ட சாம்பல் புறா, அதுவும் அப்படியே. அது 43ஆவது. இத்தனை நாள் அதை மணிப்புறாவோடு சேர்த்து ஒன்றாகவே எண்ணியிருக்கிறேன்.

பூநாரை காட்டக் கரைக்குப் போனோம். இல்லை. அவர் கவலைப்படவும் இல்லை.

2023 டிசம்பர் 9

பெயர்ச் சண்டை தொடங்கிவிட்டது. புலுனி என்று எழுதினேன், தவிட்டுக்குருவி என்பதுதான் சரி என்று ஒருவர். தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி, இங்கே புலுனி. நான் புலுனியை விடமாட்டேன். அதைத் திட்டுச் சொல்லாகவும் பாவித்து வளர்ந்தவன்.

ஆனால் ஒரு குறை உண்மையானது. கரையில் வருகிற சின்ன உள்ளான்களுக்கு எங்களிடம் தனித்தனிப் பெயர் இல்லை, எல்லாம் உள்ளான். மீன்பிடிக்கிறவர்களிடம் இருக்கும் என்று நினைத்து அராலியில் ஒரு பெரியவரைக் கேட்டேன். "எல்லாம் ஒரே கறிதான் தம்பி" என்றார். பறவைகளைக் காக்கிற சட்டம் 1937 இலிருந்து இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவர் அந்தக் கறியை விட்டு இருபது வருடமாம்.

ரொறன்ரோவிலிருந்து ஓர் அக்கா: "அடைக்கலக்குருவி இன்னும் இருக்கிறதா? எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பா முட்டி கட்டித் தொங்கவிடுவார்." இருக்கிறது அக்கா. எங்கள் வீட்டிலும் இரண்டு முட்டி, ஒன்றில் இப்போது குஞ்சு. கல்வீட்டில் கூடு வைக்க இடுக்கு இல்லை, முட்டி கட்டுகிற வீடுகளைத் தேடி வருகிறது. அங்கே தேத்தண்ணிக் கடை வாசலில் பாண் துகள் பொறுக்குவதும் இதே குருவிதான். அமெரிக்காவுக்கு அது தானாகப் போகவில்லை, 1850களில் நியூயோர்க்கில் கொண்டுபோய் விட்டார்கள். கண்டால் ஊர்க்காரர் என்று சுகம் கேளுங்கள்.

2023 டிசம்பர் 16, சனி

மத்தியானம் சாப்பிட இருந்தேன். மனைவி வழக்கம்போல முதலில் ஒரு பிடி சோறு எடுத்து மதிலில் வைத்து, கா கா என்று கூப்பிட்டா. திரும்பி வந்து கேட்டா: "இதை எழுதினீங்களோ?"

எழுதவில்லை. ஒக்டோபரிலிருந்து, ஒவ்வொரு நடையிலும், ஒவ்வொரு அடியிலும் கண்டிருக்கிறேன். பட்டியலில் காகம் இல்லை. முதல்நாள் அவர் "காகமும் கொக்கும்தானே" என்று எழுதியதற்குப் பதில் சொல்கிற ஆவேசத்தில் காகத்தையே விட்டுவிட்டேன்.

44.

2023 டிசம்பர் 24

ஒரு கிழமை மழை. வயல் எது, குளம் எது, ரோட்டு எது என்று தெரியவில்லை. இரண்டு நாள் மட்டும் போனேன்.

நடக்கிறவர்களுக்கு ஒன்று. தண்ணீர் ஏறும்போது பாம்பும் மேட்டுக்குத்தான் வரும், வரம்பும் ஆற்றுக்கட்டும்தான் மேடு. புதன் பின்னேரம் கட்டில் ஒரு புடையன், சுருண்டு, கண்ணாடிக் கண்ணியாக, என் அடுத்த அடி விழ வேண்டிய இடத்தில். பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அது இல்லாவிட்டால் இதை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். மாரியில் செருப்பு வேண்டாம், பூட்ஸ் போடுங்கள். பொழுதுபட்டால் ரோச் இல்லாமல் இறங்க வேண்டாம். கடித்தால் கீறாதீர்கள், கட்டாதீர்கள், ஆளை அசைக்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முகமாலைப் பக்கம் நடக்கப் போவதாக ஒருவர் எழுதியிருந்தார். கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்டால் ஓரடி உள்ளே வைக்காதீர்கள், எந்தக் குருவிக்காகவும்.

சந்தோஷமான செய்தி: அதே புதன், ஆறு மணிக்கு, பனங்கூடலுக்குள் இரட்டைச் சீழ்க்கை. ஆறுமணிக்குருவி. என் காதால், என் பாதையில். 45. குசினிக் குருவிதான் என்று நான் சொல்லமாட்டேன், நினைக்கிறேன்.

கைத்தொலைபேசியில் சத்தம் கேட்டுப் பெயர் சொல்கிற செயலி ஒன்றை மகள் போட்டுத் தந்தாள். பக்கத்து வீட்டுக் கிணற்றுக் கப்பிக்கு அது ஒரு பெயர் சொன்னது. இலங்கையில் இல்லாத மரங்கொத்தியாம்.

மரநாயும் கண்டேன், பனையில் முட்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சீவல்காரர் சொன்னார் அது கள்ளுக்கு நிரந்தர வாடிக்கை என்று. கணக்கில் சேராது, செட்டை இல்லை.

2024 ஜனவரி 7

48. கூழைக்கடா, ஊசிவால் தாரா, கடைசியாக அவர்கள்.

பூநாரை முந்நூறு இருக்கும். கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து வடிக்கும். உண்ணுகிற சின்ன இறால், பாசியிலிருந்துதான் அந்த நிறம். சாம்பலாக நின்றவை இளசுகள், நோய் இல்லை. இங்கே குஞ்சு பொரிப்பதில்லை, குஜராத்தின் கட்ச் பக்கம்தான் பெரிய கூட்டமாகக் கூடு கட்டும். பெரிய கடற்காகங்கள் அதையும் விடத் தூரம். மன்னாரில் 2021 இல் செய்மதிக் கருவி பூட்டிவிட்டவை ரஷ்யாவின் ஆர்க்டிக் ஓரம்வரை போய்வந்தன.

பிறகு மூன்று பெடியன்கள் வந்தார்கள், ட்ரோனோடு. பறக்கிற படம்தான் வேண்டுமாம், நிற்கிற படம் எல்லோரிடமும் இருக்கிறதாம். முதலில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அதுதான் அறிகுறி, தலை நிமிர்ந்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள், பின்னுக்கு வாருங்கள். அவர்கள் வரவில்லை. முந்நூறும் ஓடி எழும்பின. அழகுதான், பொய் சொல்லமாட்டேன். செட்டைக்கடியில் சிவப்பும் கறுப்புமாக வானம் நிறைந்தது. என் வாயும் திறந்துதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, அந்த வரிசையும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவை மண்டைதீவுப் பக்கம் போய்விட்டன. வெறும் தண்ணீர். பெடியன்களோடு கதைத்தேன், ஏசவில்லை. ஒருவன் என் பைனாகுலரை வாங்கிப் பவளக்காலைப் பார்த்தான். "இதுக்குப் பேர் என்ன அங்கிள்?"

2024 ஜனவரி 14, இரவு

கடைசி நடை, பொழுதுபட்ட பிறகு. ஒழுங்கை முடக்கில் கூரை இல்லாத ஒரு பழைய வீடு. 1990களில் ஷெல் விழுந்தது, ஆட்கள் திரும்பவில்லை. அதன் சுவரில் வெள்ளை முகம் ஒன்று, தட்டு மாதிரி, என்னைத் திரும்பிப் பார்த்தது. சாக்குருவி என்கிற ஆந்தை. 49.

பொங்கலுக்கு முதல்நாள் சாக்குருவி கண்டேன் என்று வீட்டில் சொல்லவில்லை. எலி பிடிக்கிற பறவை, வயல்காரனுக்கு அதைவிட நல்ல சகுனம் என்ன இருக்கிறது? இருந்தாலும் சொல்லவில்லை.

2024 ஜனவரி 15

49 இல் முடிந்தது. தோற்றேன்.

சாவகச்சேரிக்காரர் வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரியில், தன் வீட்டு ஒழுங்கையில் தான் இதுவரை 38 கண்டதாக எழுதியிருக்கிறார். எப்போது தொடங்கினார் என்று கேட்டேன். "ஒக்டோபர் 16." சத்தம் போடாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். காகம் முதலாவதாம்.

பலாப்பழம் சீசனில் தருவேன். தென்மராட்சிக்காரருக்கு வட்டுக்கோட்டையிலிருந்து பலாப்பழம் கொண்டுபோகிற கேவலத்தை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

2024 ஜனவரி 28

மண்டைதீவு. சாவகச்சேரி அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று பார்த்தோம். ஏழு, கரையில். ஒன்று நண்டைத் தூக்கி உதறியது. அலகு கறுப்பு, குறடு மாதிரி. கால் முழுக்கத் தெரிந்தது, நீலச் சாம்பல்.

"கணக்கில் சேராது" என்றார். அவர் பைனாகுலரைத் திருப்பித் தர இன்னும் இருபது நிமிடம் ஆனது.